ஆறாவது துண்டு

உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய முக்கோணம். கண்ணாடி மாதிரி அந்தப் பக்கம் தெரியும் தடித்த பிளாஸ்டிக்கில் செய்தது. ஓரங்களை ஒட்டி உள்பக்கமாக ஒரு மெல்லிய கறுப்புக் கோடு ஓடும்; குறுக்கே அங்குலக் கணக்குக்கு மஞ்சள் கோடுகள். ஒட்டுத்துணிப் போர்வைக்குத் துண்டு வெட்டுவதற்கென்றே வெள்ளைக்காரர்கள் செய்த அளவுகோல் அது. அப்படி ஒரு பொருள் உலகத்தில் இருக்கிறது என்பதே அன்றுதான் எனக்குத் தெரியும். எல்லாம் அழகாகத்தான் இருந்தது, ஆனால் உச்சியில் நுனி இல்லை. யாரோ சீவி எடுத்ததுபோல் ஒரு நெல்மணி நீளத்துக்குத் தட்டையாக நின்றது. அக்கா, தான் வேலைசெய்த வீட்டு வெள்ளைக்கார மேம் கொடுத்தனுப்பிய ஒரு பிஸ்கட் டின்னுக்குள்ளிருந்து அதை எடுத்து என் வெட்டு மேசைமேல் வைத்தாள். நான் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தேன்.

"என்னக்கா, மேம் உடைஞ்சதப் பார்த்து உன் தலையில கட்டிட்டாங்களா?"

"உடையலடா. அது அப்படித்தான் இருக்கணுமாம். மூணு தடவ சொல்லி அனுப்பினாங்க. எதையும் கூட்டாத, எதையும் குறைக்காத, கோலு காட்டுறபடி வெட்டச் சொல்லுன்னு."

"எனக்கே அளவு சொல்லிக் குடுக்கிறாங்களா உங்க மேம்?"

"உனக்குத் தெரியாததா தம்பி. ஆனா சொன்னத சொல்லிட்டேன்லா. அப்புறம் சொல்லலன்னு சொல்லாத."

சொன்னாள். அவள் சொன்னாள் என்பதை முதலில் எழுதிவைத்துவிட வேண்டும் என்றுதான் இங்கிருந்து ஆரம்பிக்கிறேன்.

என்னைப் பினாங்கில் பாதிப் பேருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். அம்மா பிரசவத்தில் போனபோது எனக்கு எட்டு வயது, அக்காவுக்குப் பன்னிரண்டு. அவள் பால்வாளியைத் தூக்கிக்கொண்டு ரப்பர் பால் சீவ வெட்டுமரத்துக்குப் போனாள். அந்தச் சம்பளத்தில் நான் சாப்பிட்டேன். எனக்குப் பதினான்கு வயதானபோது அவள்தான் என்னைப் பஸ்ஸிலும் ஃபெரியிலும் ஏற்றி ஜார்ஜ்டவுனுக்குக் கூட்டிவந்து ஒரு தையல் கடையில் விட்டாள். அங்கே நான் கூட்டிப் பெருக்கினேன், பித்தான் தைத்தேன், தரையில் விழுந்த துண்டுகளைப் பொறுக்கிக் கோட்டு எப்படி உருவாகிறது என்று நானே கண்டுபிடித்தேன். ஒருவரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. முப்பது வயதில் சொந்த மெஷின். நாற்பதில் டத்தோ கிராமாட் சாலையில் மேல்மாடி முழுக்க என் கடை, எட்டுப் பெண்கள் தைத்தார்கள். ஆள் படியேறி வரும்போதே இடுப்பளவு சொல்லிவிடுவேன். நாடா வைத்துப் பார்த்தால் அரை அங்குலம் பிசகாது. எட்டு மடிப்புத் துணியை ஒரே இழுப்பில் வெட்டுவேன், மேல்மடிப்பும் அடிமடிப்பும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். இதெல்லாம் பெருமைக்குச் சொல்வதில்லை. பெருமைதான், ஆனால் உண்மை. என் கையில் ஒரு கஜம் துணி கெட்டதில்லை என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வேன். அப்படிச் சொல்லிச் சொல்லியே வளர்ந்த கடை அது.

அக்கா கடலுக்கு அக்கரையில் பட்டர்வொர்த்தில் இருந்தாள். அங்கே விமானத்தளத்தைச் சுற்றி ஆஸ்திரேலியக் குடும்பங்கள் நிறைய இருந்த காலம். நம் பெண்கள் பல பேர் அந்த வீடுகளில் சமைத்து, துவைத்து, பிள்ளை பார்த்துப் பிழைத்தார்கள். அக்காவும் புருஷன் போனபிறகு அந்த வேலைக்குத்தான் வந்தாள். ஒரு குடும்பம் ஊர் திரும்பினால் அடுத்த குடும்பத்துக்குக் கடிதம் கொடுத்துவிட்டுப் போவார்கள். அந்தக் கடிதம்தான் அவளுக்குச் சொத்து, வீடு எல்லாம். ஏனென்றால் வேலையோடுதான் பின்கட்டில் ஓர் அறை கிடைக்கும். அந்த அறையில்தான் அவளும் அவள் மகளும் படுத்தார்கள், அங்கேதான் அந்தப் பெண் பள்ளியின் கடைசி வகுப்பான ஐந்தாம் பாரத்துக்குப் படித்துக்கொண்டிருந்தாள். ஆனால் நான் சொல்லும் சமயம் வேறு. கடலுக்கு மேலே பாலம் கட்டி முடித்த புதிது. ஆஸ்திரேலியக்காரர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள், புதிதாக வருகிறவர்கள் குறைவு. அக்கா வேலைசெய்த மேம், மலையடிவாரத்தில் வெள்ளைக்காரப் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் ஒரு விடுதிக்கு அவளைச் சேர்த்துவிடுவதாகச் சொல்லியிருந்தாள். அங்கே அறையும் உண்டு. மேம் கையெழுத்துப் போட்ட கடிதம் ஒன்று போதும்.

மேம் ஒரு போர்வை தைத்துக்கொண்டிருந்தாள். ஒன்றாக இருந்த பன்னிரண்டு சிநேகிதிகள், பிரியும்போது ஆளுக்கொரு கவுனைக் கொடுத்திருந்தார்கள். அந்தப் பன்னிரண்டு துணியையும் முக்கோணமாக வெட்டி, ஆறு ஆறாகச் சேர்த்துப் பூ மாதிரித் தைத்து, பூக்களை இணைத்தால் போர்வை. பாதிப் பூக்களை அவளே வெட்டித் தைத்து முடித்திருந்தாள். பிறகு மழையில் வாசற்படியில் வழுக்கி வலது மணிக்கட்டு முறிந்துபோனது. மூன்று வாரத்தில் விமானம். தைப்பதற்கு மிச்சமிருந்த சிநேகிதிகள் கூடி உட்கார்ந்தால் முடித்துவிடலாம்; வெட்டுவதற்குத்தான் கை இல்லை. அப்போது அக்கா சொல்லியிருக்கிறாள்: "என் தம்பி இருக்கான் மேம். அவன் வெட்டினா மெஷின் வெட்டின மாதிரி இருக்கும்." அவள் வாயால் என்னைப் பற்றிச் சொன்ன அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான், மேம் அந்தப் பன்னிரண்டு பேர் துணியையும் கொடுத்தனுப்பினாள். மாதிரிக்கு ஒரு தைத்த பூவும் டின்னுக்குள் இருந்தது. நான் அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. ஒட்டுத்துணிப் போர்வையில் பார்க்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

நான் செய்ததை இனி சொல்லவேண்டும். இதைச் சொல்லாமல் பன்னிரண்டு வருஷம் ஓட்டிவிட்டேன்.

நுனி போன அந்தக் கோலை என்னால் பொறுக்க முடியவில்லை. மூளியான பொருளை நல்ல காரியத்துக்கு வைப்பதில்லை என்று தெரிந்து வளர்ந்தவன் நான். விளிம்பு உடைந்த தட்டில் வெற்றிலை வைப்போமா, நுனி கிழிந்த வாழையிலையில் விருந்து போடுவோமா? பிரிந்துபோகிற சிநேகிதிகள் ஞாபகத்துக்குத் தைக்கிற போர்வை. அதை மூளிக் கோலால் வெட்டினால் அது விளங்குமா? அது மட்டுமில்லை, தொழில்காரன் புத்தியும் சேர்ந்துகொண்டது. முக்கோணமென்றால் மூன்று முனையும் முனையாக இருக்கவேண்டும். வெள்ளைக்காரி உடைந்ததை வைத்து ஒப்பேற்றிக்கொண்டிருக்கிறாள், நாம் சரிசெய்து கொடுத்தால் அசந்துபோவாள் என்று நினைத்தேன். இரண்டு கடை தள்ளி விளம்பரப் பலகை செய்யும் சீனர் ஒருவர் இருந்தார்; முதலாளி என்ற மரியாதையில் தவ்கே என்போம். அவரிடம் கோலைக் கொண்டுபோய், இதே அடி அகலம், இதே உயரம், நுனி மட்டும் ஊசியாக வேண்டும் என்றேன். அவர் வாங்கிப் பார்த்தார்.

"இது நல்லாத்தானே இருக்கு, எதுக்கு மாத்துற?" என்று மலாயில் கேட்டார்.

"உடைஞ்சிருக்கு தவ்கே, தெரியலையா?"

"உடைஞ்ச மாதிரி இல்லையே. ஓரம் பாலிஷ் பண்ணியிருக்கு பாரு."

பலகை அறுக்கிறவருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. சொன்னதைச் செய்யுங்கள் என்றேன். மறுநாள் கொடுத்துவிட்டார். உச்சி குத்தினால் ரத்தம் வரும், அவ்வளவு கூர்மை.

அதை வைத்து ஒரே பகலில் எல்லாவற்றையும் வெட்டினேன். துணியோடு மேம் ஒரு சின்னச் சக்கரக் கத்தியும் அனுப்பியிருந்தாள். கோலின் ஓரத்தை ஒட்டி உருட்டினால் வெண்ணெயில் போவதுபோல் போகும். அது எனக்குப் பிடித்துப்போயிற்று. எட்டெட்டு மடிப்பாக அடுக்கி, தலைகீழும் நேருமாகக் கோலை மாற்றி மாற்றி வைத்து, துணியில் ஒரு விரல் அகலம்கூட வீணாகாமல் இருநூறுக்கு மேல் முக்கோணங்கள். நூல் மாதிரிக் கீற்றுகள்தான் தரையில் மிஞ்சின. தைக்கிற பெண்களைக் கூப்பிட்டு, "பாருங்க, இதுக்குப் பேருதான் வெட்டு" என்று காட்டினேன். ஒன்றின்மேல் ஒன்றை வைத்தால் இம்மி பிசகவில்லை. ஒவ்வொரு தப்பும் மற்றத் தப்போடு அவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியது.

இரண்டு நாள் கழித்து அக்கா வாங்கிப்போக வந்தாள். வந்தவள் டின்னைத் திறந்து, அந்தத் தைத்த பூவை எடுத்து மேசையில் வைத்தாள். மேம் தைக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள் அல்லவா, பழக்கத்தில் என் துண்டுகளில் ஆறை எடுத்து, நுனியோடு நுனி சேர்த்து வட்டமாக அடுக்கினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. ஆறாவதை வைக்கப்போனாள். கலைத்தாள். திரும்ப அடுக்கினாள். நான் கணக்குப் புத்தகத்தில் எதையோ எழுதிக்கொண்டிருந்தேன்.

"தம்பி, ஆறாவது உட்கார மாட்டேங்குதுடா."

"சரியா வை. உனக்கு என்ன தெரியும்."

"நீயே வையேன்."

வைத்தேன். ஐந்து துண்டு படுத்த பிறகு மிஞ்சிய இடுக்கு ஆறாவதுக்குப் போதவில்லை. அது பக்கத்துத் துண்டின்மேல் ஏறிக்கொண்டது. ஒரு பெண்ணை அவசரமாகக் கூப்பிட்டு ஆறையும் தைத்துவரச் சொன்னேன். தைத்த பூ மேசையில் படுக்கவில்லை. ஒரு பக்கம் அமுக்கினால் மறுபக்கம் எழும்பியது. பக்கத்தில் மேம் தைத்த பூ தண்ணீரில் விட்ட தாமரை இலைபோலச் சமமாகக் கிடந்தது. அப்போதுதான் அக்கா, யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னாள்: "நுனிய தையல் தின்னுடுமாம்டா. தின்னப்போறத முன்னாடியே வெட்டி எடுத்துட்டாங்களாம், ஓரம் ஓரத்தோட நேரா நிக்கிறதுக்கு. மேம் எனக்குக் காட்டினாங்க. உங்கிட்ட அதையும் சொல்லியிருக்கணும்."

உயரத்தை அப்படியே வைத்து உச்சியைக் கூராக்கினால் இரண்டு பக்கச் சரிவும் மாறிப்போகும். ஒரு துண்டில் கண்ணுக்குத் தெரியாது. ஆறு சேர்ந்தால் வட்டமே கெட்டுவிடும். இதைப் புரிந்துகொள்ளப் பள்ளிக்கூடம் வேண்டாம், ஆறு துண்டை ஒருதரம் அடுக்கிப் பார்த்தால் போதும். நான் அடுக்கிப் பார்க்கவில்லை. அவ்வளவுதான் விஷயம். பிளாஸ்டிக் கோலை மூளி என்றவன் இருநூறு துண்டுத் துணியை மூளியாக்கிவிட்டேன். மேம் கோலால் திரும்ப வெட்டிச் சரிசெய்தால் துண்டு சின்னதாகிவிடும்; அவள் முடித்துவைத்த பாதியோடு சேராது. துணியோ, ஒரு சாண்கூட மிச்சமில்லை. கொடுத்தவர்களில் பாதிப் பேர் ஏற்கெனவே கடல் தாண்டிப் போய்விட்டார்கள்.

அதற்கடுத்த நான்கு நாள் நான் பட்டதை என் எதிரிக்கும் வேண்டேன். ஈரத்துணி போட்டு இஸ்திரியால் அழுத்தி இழுத்துப் பார்த்தேன். சாய்வாக வெட்டிய ஓரம் இழுத்த இடத்தில் நீண்டு அப்பளம்போல் நெளிந்தது. கீற்றுகளை ஓரத்தில் ஒட்டுப்போட்டுப் பார்த்தேன். சொறி பிடித்ததுபோல் இருந்தது. பன்னிரண்டு துணியிலும் நகத்தளவு கத்தரித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கடை கடையாக ஏறினேன். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் எனக்கு இருபது வருஷப் பழக்கமுள்ள ராவுத்தர் ஒருவர் துணிக்கடை வைத்திருந்தார். அவர் என் துணுக்குகளை மேசையில் வரிசையாக வைத்துத் தடவித் தடவிப் பார்த்தார்.

"தம்பி, இது நம்ம பக்கம் வர்ற சரக்கு இல்ல. இத கட்டினவங்க வீட்டுலதான் கேக்கணும்."

"ஒண்ணு ரெண்டாவது கிடைக்காதா பாய்? பக்கத்துல வர்ற மாதிரி?"

"பக்கத்துல வந்தா போதுமா? நீங்கதானே எப்பவும் சொல்வீங்க, பக்கத்துல இருக்கிறது அளவே இல்லன்னு."

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். நான் அந்தக் கடை வாசலில் வெயிலில் நின்றேன். எந்தப் பக்கம் போவது என்று தெரியவில்லை. என் ஊர், நான் கைவீசி நடந்த தெருக்கள், ஒவ்வொரு கடைக்காரனும் எழுந்து கைகொடுக்கிற தெரு. அத்தனை துணிக்கடையும் கண்முன்னே குவிந்து கிடக்க, எனக்கு வேண்டிய துணி உலகத்திலேயே இல்லை. சாமியைக் கும்பிட்டேன், மொட்டை போடுகிறேன் என்றேன். கட்டிய வேட்டியோடு கடலில் இறங்கிவிடலாமா என்றும் ஒரு நிமிஷம் தோன்றியது; ஒளிக்காமல் சொல்கிறேன். அந்தக் கூர்மையான கோலை மட்டும் சுத்தியலால் நொறுக்கிக் குப்பையில் போட்டேன். பின்னால் எனக்கு வேண்டியிருக்கப்போகிற ஒரே சாட்சி அது என்று அப்போது தெரியாது.

ஐந்தாம் நாள் அக்காவோடு நானும் ஃபெரியில் ஏறினேன். மேமிடம் நானே சொல்லிவிடுவது என்று முடிவு. டின் அவள் மடியில் இருந்தது. பாதிக் கடலில் அவள் பேச ஆரம்பித்தாள்.

"நீ வீட்டுக்குள்ள வராத."

"நான் செஞ்சதுக்கா அது. நான் சொல்லாம யாரு சொல்றது?"

"உனக்கு சட்டை தைக்கக் குடுக்கிறவங்க எல்லாம் யாரு? இவங்கதானே. ஒரு மேம் காதுல விழுந்தா சாயங்காலத்துக்குள்ள எல்லா மேமுக்கும் போயிரும். அந்த ஓட்டல்காரன் பொண்டாட்டி கர்ட்டன் வேலை தர்றேன்னாளே, அவ யாரு? இவங்க கூட உட்கார்ந்து டீ குடிக்கிறவ. உன் பேரு போச்சுன்னா எட்டுப் பொம்பளைங்க சோறு போச்சு."

"அப்ப உன் கடுதாசி?"

"நான் தப்பா வெட்டிட்டேன்னு சொல்றேன். தம்பிகிட்ட குடுக்காம ஆசைப்பட்டு நானே வெட்டினேன்னு. திட்டுவாங்க. அப்புறம் மனசு ஆறிரும். எனக்கென்ன, ரெண்டு கை இருக்கு."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். பன்னிரண்டு வருஷமாகத் தினமும் அந்த ஃபெரியில் உட்கார்ந்து அதைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். அன்றைக்குச் சொன்னது இதுதான்: "நம்புவாங்களா?" அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. என் முழங்காலில் தட்டினாள். "நம்புவாங்கடா. பெரிய டெய்லர் இப்படி வெட்டுவானா?"

மேம் வீட்டு வாசலுக்கு எதிரே மரத்தடியில் நின்றேன். கால் மணி நேரம் இருக்கும். உள்ளே சத்தம் ஒன்றும் வரவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பிறகு மேம் கட்டுப்போட்ட கையோடு வராந்தாவுக்கு வந்தாள். இடது கையில் துண்டுகள் அடைத்த பிளாஸ்டிக் பை. நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்து, எந்தத் துணி யாருடையது என்று பார்ப்பவள்போல் மடியில் பரப்பிக்கொண்டே அழுதாள். அக்கா பக்கத்தில் கைகட்டி நின்றாள். பன்னிரண்டு வயதில் தோட்டத்துக் கணக்குப்பிள்ளையான கிராணி முன்னால் எனக்காக அப்படி நின்றிருக்கிறாள்; அப்போது எனக்கு எட்டு வயது. அன்றைக்கு நாற்பத்தாறு. என் வயதைத் தவிர வித்தியாசம் ஒன்றுமில்லை. தெருவைக் கடக்கப் பத்து எட்டு வைத்தால் போதும். நான் கடக்கவில்லை.

மேம் மனசு ஆறவில்லை. கெட்டவள் இல்லை, கடைசிநாள் அக்காவுக்குப் பழைய பாத்திரம், துணியெல்லாம் கொடுத்தாளாம். கடிதம் மட்டும் எழுதவில்லை. சொன்னதைக் கேட்காமல், கொடுத்த பொருளைத் தன்னிஷ்டத்துக்குக் கெடுத்தவள் என்று தெரிந்தபிறகு, பிள்ளைகள் விடுதிக்குப் பொறுப்பானவள் என்று எப்படிக் கையெழுத்துப் போடுவாள்? போர்வையை என்ன செய்தாள் என்று தெரியாது. விமானம் போயிற்று, அறையும் போயிற்று. அக்கா பாகான் டாலாமில் ஒரு பலகை வீட்டில் குடியேறி, இறால் உரிக்கும் கொட்டகையில் வேலைக்குச் சேர்ந்தாள். ஐஸ் தண்ணீரில் காலை முதல் சாயங்காலம்வரை கை. முதல் வருஷமே விரல் இடுக்கெல்லாம் வெடித்துவிட்டது. மஞ்சள் அரைத்துப் போட்டுத் துணி சுற்றிக்கொண்டு மறுநாள் போவாள். மகள் பரீட்சையில் நன்றாகத்தான் பாஸானாள். மேலே படிக்காமல் பக்கத்தில் பிறை என்ற ஊரில் ஃபேக்டரிக்குப் போனாள். என் வீட்டுக்கு வந்து இரு என்று அக்காவைக் கூப்பிட்டேன். "உன் வீட்டுல நான் சும்மா உட்கார்ந்து சாப்பிட்டா ஏன்னு ஒரு நாள் எல்லாரும் கேப்பாங்கடா" என்றாள். நானும் ஒருதரம்தான் கூப்பிட்டேன். இரண்டாந்தரம் கூப்பிட்டதாக எழுதலாம், ஆனால் கூப்பிடவில்லை.

எனக்கு அந்த ஓட்டல் கர்ட்டன் வேலை வந்தது. அதிலிருந்து இன்னொரு ஓட்டல். இன்றைக்கு மூன்று கடை, ஒரு பெரிய கொட்டகை, முப்பது பேர் தைக்கிறார்கள். மூன்றாம் வகுப்புக்காரன் கையெழுத்துக்கு வங்கி மேனேஜர் எழுந்து நிற்கிறார். எல்லாம் என் உழைப்பு என்று சபைகளில் பேசியிருக்கிறேன், கைதட்டியிருக்கிறார்கள். உழைப்பு என்னுடையதுதான். அது நின்ற இடம்தான் வேறு ஒருத்தியுடையது.

அக்கா சொன்ன அந்தப் பொய் வீட்டுக்குள் தங்கி வேரூன்றிவிட்டது. தன் மகளிடமும் அதையேதான் சொல்லியிருக்கிறாள். கொஞ்சநாள் அந்தப் பெண்ணுக்குத் தாய்மேல் கோபம், பேச்சில்லை. பிறகு கல்யாணமாகி, பிள்ளை பெற்று, கோபம் கேலியாக மாறியது. அக்கா கத்தரிக்கோலைத் தொட்டாலே, "அம்மா, கீழ வை. ஒரு தடவ வெட்டினது போதும். எனக்குக் காலேஜ் போச்சு, இன்னொரு தடவ வெட்டினா வீடே போயிரும்" என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். அக்காவும் சிரிப்பாள். நானும் சிரித்திருக்கிறேன். பக்கத்தில் உட்கார்ந்து, தட்டில் பலகாரத்தோடு, சிரித்திருக்கிறேன்.

போன வருஷம் அக்காவுக்கு ரத்த அழுத்தம் ஏறி வலதுபக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. கண் தெளிவாக இருக்கிறது, காது கேட்கிறது, எல்லாம் புரிகிறது, வாய் மட்டும் வரவில்லை. மகள் வீட்டு முன்னறையில் கட்டில் போட்டிருக்கிறார்கள். முதல் ஞாயிற்றுக்கிழமை போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தபோது, இனி தாமதித்தால் இவள் கத்தரிக்கோல் ஆகாதவள் என்றே போய்ச் சேர்ந்துவிடுவாள் என்று தோன்றியது. மகளையும் மருமகனையும் கூப்பிட்டு நிறுத்தி, அந்த மேம் துணியைக் கெடுத்தது நான், உன் அம்மா இல்லை என்று சொன்னேன். முழுக்கச் சொன்னேன். கோல், சீனர், ஃபெரி, மரத்தடி எல்லாம்.

அந்தப் பெண் கண் கலங்கிச் சிரித்தாள். "மாமா, உங்க நல்ல மனசு யாருக்கு வரும். அம்மா இப்படிப் படுத்திருக்காங்கன்னு அவங்க பழியக்கூட நீங்க தூக்கிக்கிறீங்களே."

"பழி இல்லம்மா, உண்மை. நான்தான் வெட்டினேன்."

"போதும் மாமா. நீங்களாவது தப்பா வெட்டுறதாவது! சின்னப் பிள்ளையிலருந்து கேட்டு வளர்ந்திருக்கேன்லா, உங்க கையில ஒரு கஜம் கெட்டதில்லன்னு. யாரு நம்புவாங்க?"

நான் கத்தினேன். அம்மாவுக்கு ஆகாது, சத்தம் போடாதீங்க என்று மருமகன் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்து காப்பி கொடுத்தான். அடுத்த ஞாயிறும் சொன்னேன். அதற்கடுத்த ஞாயிறும் சொன்னேன். சீனரைக் கூட்டிவந்து சொல்லவைக்கலாம் என்று போனேன். அவர் இறந்து நாலு வருஷம் ஆகிறது. என்னிடம் தைத்த அந்தப் பெண்ணைத் தேடினேன். கல்யாணமாகி எங்கேயோ போய்விட்டாள். மகள் இப்போதெல்லாம் சிரிப்பதில்லை, என் மனைவிக்குப் போன் போட்டுப் பேசுகிறாள். மாமாவுக்கு வயசாகிறது, இல்லாததை எல்லாம் நடந்ததாகச் சொல்கிறார், ஒரு டாக்டரிடம் காட்டுங்கள் என்கிறாளாம். டாக்டரிடம் போனேன். அவர் என் பெயர், இன்றைக்கு என்ன கிழமை, இருபதிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள் என்று கேட்டார். எல்லாம் சரியாகச் சொன்னேன். நல்ல ஞாபகசக்தி என்று பாராட்டினார்.

அதனால்தான் எழுதுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள், விஷயத்தை மட்டும் திருத்தாதீர்கள். பேச்சில் சொன்னால் என் பழைய பேச்சே குறுக்கே வந்து நிற்கிறது. எழுத்திலாவது யாராவது நம்பட்டும்.

போன ஞாயிறு யாரும் இல்லாத நேரம் பார்த்துப் போனேன். மகள் காய்கறி வாங்கப் பாசாருக்குப் போயிருந்தாள். கட்டிலோரம் குனிந்து, "அக்கா, அவங்க நம்ப மாட்டேங்கிறாங்க. நீ ஒரு தடவ தலையாட்டினாப் போதும். அவ வந்ததும் நான் திரும்பக் கேக்குறேன், நான்தானே வெட்டினேன்னு. ஆமான்னு தலைய மட்டும் ஆட்டு" என்று கெஞ்சினேன். அவள் என்னையே பார்த்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது. மகள் பையோடு உள்ளே வந்தாள். நான் அவள் முன்னால் வைத்தே கேட்டேன்: "அக்கா, சொல்லு. அந்தத் துணிய வெட்டினது நான்தானே?"

அக்கா இடது கையை மெதுவாகத் தூக்கினாள். இறால் தண்ணீரில் வெடித்து மூடிய தழும்புகள் அந்தக் கையில் இன்னும் வெள்ளையாக இருக்கின்றன. அதைத் தன் நெஞ்சில் வைத்து இரண்டு தரம் தட்டினாள். நான், நான் என்று. பிறகு மகளைப் பார்த்து, கோணிய வாயால் சிரிக்கப் பார்த்தாள்.

"பார்த்தீங்களா மாமா, அம்மாவே சொல்றாங்க" என்றாள் மகள். கட்டிலில் உட்கார்ந்து, தாயின் வாயோரம் வழிந்ததைத் துடைத்துவிட்டாள்.